பட்டாலையைக் கெடுத்தவர்கள் பேரன்கள்தானா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு இணைப்பில் அமெரிக்காவின் செனி குடும்பத்துப் பட்டாலை பற்றி வந்த முழுப்பக்கக் கட்டுரையை வரி விடாமல் படித்தேன். பட்டு நூலோடு வாழ்ந்தவள் என்பதால் அந்தப் பெயரைப் பார்த்ததுமே மகிழ்ச்சி. ஆனால் கட்டுரை முடிந்த விதம் மனதை உறுத்துகிறது. தாத்தாக்கள் சேர்த்தார்கள், அப்பாக்கள் காத்தார்கள், பேரன்கள் மாளிகையும் ஆடம்பரமுமாய் இருந்து அழித்தார்கள் என்று மூன்றே வரியில் நூறு வருடத்துக் கதையை முடித்துவிட்டார் கட்டுரையாளர். குடும்பத் தொழில் எது நொடித்தாலும் இந்தத் தீர்ப்பு தயாராக இருக்கிறது. செனி ஆலையைப் பொறுத்தவரை இது நியாயம் இல்லை. ஏன் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்ல இடம் கொடுங்கள்.

முதலில் என்னைப் பற்றி. ஒரு குடும்பத்துக்குச் சொந்தமான கழிவுப்பட்டு (கூட்டிலிருந்து ஒரே இழையாக இழுக்க முடியாத மிச்சப் பட்டு) நூற்பாலையில் தர ஆய்வுப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். எங்கள் ஆலை பிறகு மூடப்பட்டது. மூடியபோது எல்லோரும் நிறுவனரின் பேரனைத்தான் ஏசினார்கள். நூல் விற்ற விலை என்ன, கழிவுப்பட்டு வந்திறங்கிய விலை என்ன என்று யாரும் கேட்கவில்லை. எங்கள் பிரிவிலிருந்து மாதாமாதம் போன அறிக்கைகளில் அந்தக் கணக்கு ஒளிவுமறைவு இல்லாமல் இருந்தது. அதனால்தான் இந்தப் பேச்சு எங்கே வந்தாலும் என்னால் சும்மா இருக்க முடிவதில்லை.

செனி கதைக்கு வருகிறேன். கட்டுரையாளர் தாத்தாக்களைத் தொட்டதெல்லாம் துலங்கியவர்களாகக் காட்டுகிறார். கனெக்டிகட் மாநிலத்து மான்செஸ்டரில் பிறந்த அந்தச் சகோதரர்கள் எட்டுப் பேர். அவர்களில் வார்டு, ரால்ஃப், ரஷ், ஃபிராங்க் ஆகிய நால்வரும் இன்னொரு பங்காளியும் சேர்ந்து 1838இல் மவுண்ட் நெபோ பட்டு உற்பத்தி நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அப்போது அவர்கள் மனம் முழுவதும் மல்பெரிச் செடிமேல்தான். அந்த வருடங்களில் அமெரிக்கா முழுவதையும் ஒரு மல்பெரிப் பைத்தியம் பிடித்து ஆட்டியது. மோரஸ் மல்டிகாலிஸ் என்ற அகன்ற இலைச் செடி. குச்சியை ஒடித்து நட்டால் மளமளவென்று வளரும். வீட்டுக்கு வீடு பட்டுப்புழு வளர்த்தால் ஐரோப்பாவை நம்பியிருக்க வேண்டாம் என்று பேச்சு. மல்பெரிக்கும் பட்டுக்கும் ஊக்கத்தொகை கொடுத்த மாநிலங்களும் உண்டு. கடைசியில் புழுவையும் காணோம், நூலையும் காணோம். செடியை வாங்குகிறவன் அடுத்தவனுக்கு விற்கவே வாங்கினான். நியூ ஜெர்சியில் நாற்றுப் பண்ணை வைத்து, பட்டு வளர்ப்பைப் பரப்ப ஒரு பத்திரிகையும் நடத்தினார்கள் செனிகள்.

1839இல் விலை சரிந்தது. 1844இல் செடிகளில் நோய் விழுந்து மிச்சத்தையும் முடித்தது. இடையில் ஆலையும் சில காலம் மூடிக்கிடந்தது. ஆக, இந்தக் குடும்பத்தில் பணத்தைத் தொலைத்தது பேரன் காலத்தில்தான் முதன்முதலாக நடந்தது என்று யாராவது சொன்னால் அது தவறு. நிறுவனர்களே முதல் ஆட்டத்தில் தோற்றவர்கள். தோற்ற பிறகு அவர்கள் எடுத்த முடிவு பெரியது: செடியை விட்டார்கள், புழுவை விட்டார்கள், சீனாவிலிருந்து வரும் கச்சாப் பட்டை வாங்கி நூல் முறுக்குவது மட்டும் நம் வேலை என்று நின்றார்கள். கூட்டிலிருந்து நூல் எடுக்க மணிக்கணக்காக வெந்நீரில் கை வைத்து உட்கார வேண்டும். அமெரிக்கக் கூலியில் அது கட்டாது என்பதைப் பட்டுத் தெரிந்துகொண்டார்கள். நூலை இரட்டித்து, முறுக்கி, சுற்றும் இயந்திரத்துக்கு 1847இல் ஃபிராங்க் காப்புரிமை வாங்கினார். அடுத்த சில வருடங்களில் தையல் இயந்திரம் வீதிக்கு வீதி வந்தது. ஊசி வேகமாக ஓடும்போது அறுந்துவிடாத, முடிச்சில்லாத பட்டு நூலுக்குத் தேவை பெருகியது. இதில் சகோதரர்களின் திறமையும் உண்டு, காலம் கைகொடுத்ததும் உண்டு. இரண்டையும் சேர்த்தே எழுத வேண்டும்.

கட்டுரையில் எனக்கு இருக்கும் பெரிய குறை அடுத்தது. குடும்பத்துக்கு உண்மையிலேயே பேரும் பணமும் கொண்டுவந்த கழிவுப்பட்டுக்கு ஒரே ஒரு வாக்கியம். அதுவும் "வீணானதையும் காசாக்கினார்கள்" என்று போகிற போக்கில் சொல்லிவிட்டார். அந்த வேலையைத் தெரிந்தவள் என்ற முறையில் சொல்கிறேன், அது அப்படிப் போகிற போக்கில் நடக்கிற காரியம் இல்லை.

புழு தன் கூட்டை அறுபடாத ஒரே இழையாகச் சுற்றுகிறது. நல்ல கூட்டில் அந்த இழை ஆயிரம் மீட்டர்கூடப் போகும். அதன் நுனியைப் பிடித்து இழுத்தால் கச்சாப் பட்டு. ஆனால் முட்டைக்காக விட்டுவைத்த கூட்டைப் பூச்சி துளைத்துக்கொண்டு வெளியே வந்துவிடும். இரண்டு புழுக்கள் சேர்ந்து கட்டிய இரட்டைக் கூடு சிக்கிக்கொள்ளும். கூட்டின் மேல்புறப் பஞ்சு, நுனி தேடும்போது கையோடு வரும் சிண்டு, முறுக்குக் கூடத்தில் அறுந்து விழும் துண்டு எல்லாமே இழுத்து எடுக்க முடியாதவை. இவற்றையெல்லாம் சேர்த்து மூட்டையாகக் கட்டினால் அதுதான் கழிவுப்பட்டு. மூட்டையைப் பிரித்ததும் அதைப் பட்டு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பழுப்பாய், விறைப்பாய், உள்ளே செத்த புழுவின் ஓடுகளோடு இருக்கும். அதைச் சோப்புத் தண்ணீரில் வேகவைக்க வேண்டும். பட்டின் எடையில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு செரிசின் என்கிற பசை. அது கரைந்து போகும்போது கிளம்புகிற நாற்றம் துணியிலும் தலைமுடியிலும் ஏறிக்கொள்ளும். குளித்தாலும் லேசில் போகாது. கொதி கொஞ்சம் கூடினால் இழை பலம் போய்விடும், குறைந்தால் பசை நின்று அடுத்த இயந்திரத்தில் சிக்கல் விழும். நீராவி மண்டிய அந்தக் கூடத்தில் நின்று பதம் பார்க்கிறவருக்குக் கைதான் அளவுகோல்.

வெந்து, அலசி, உலர்ந்த பிறகு பாருங்கள். வெள்ளை வெளேரென்று ஒரு மினுமினுப்பு வந்திருக்கும். அதைப் பரப்பி, சீப்புப் பற்கள் வழியே வாரி, நீள இழையை முதல் தரமாகவும் அடுத்தடுத்த நீளங்களை இரண்டு, மூன்று என்றும் பிரிக்க வேண்டும். வாரலில் மிஞ்சும் குறுஇழை நாயில் என்று தனியே போகும். பிரித்த இழையைப் பெண்கள் வெளிச்ச மேஜையில் விரித்துப்போட்டு, புழு ஓட்டுத் துணுக்கு, தலைமுடி, மூட்டையின் சணல் நார் இவற்றை ஒவ்வொன்றாகப் பொறுக்குவார்கள். ஒரு சணல் நார் தப்பினாலும் சாயம் போட்டதும் அது மட்டும் வேறு நிறத்தில் பல்லிளிக்கும். அப்புறம்தான் நூற்பு. நூற்ற நூலை வாயு விளக்கின் சுடர் வழியே வேகமாக ஓட்டி, மேலே நிற்கும் பிசிரைப் பொசுக்குவார்கள். நூல் கருகக்கூடாது, பிசிர் தங்கக்கூடாது. கடைசியில் என் மேஜைக்கு வரும். கருப்புப் பலகையில் நூலைச் சீரான இடைவெளியில் சுற்றி, பக்கவாட்டு வெளிச்சத்தில் நிறுத்தி, புடைப்பும் முடிச்சும் மெலிந்த இடமும் பார்ப்பேன். எந்த ஷிஃப்டில் யார் மேஜையில் பொறுக்கிய இழை என்பதுகூட அந்தப் பலகையைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

1850களில் செனிகள் இறங்கியது இந்த வேலையில்தான். ஐரோப்பாவில் கழிவுப்பட்டு நூற்பு ஏற்கெனவே இருந்தது. இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில் சாமுவேல் லிஸ்டர் ஏறத்தாழ அதே சமயத்தில் அதில் மூழ்கியிருந்தார். அமெரிக்காவில் அதைப் பெரிய அளவில் செய்து காட்டியவர்கள் செனிகள். கச்சாப் பட்டைவிடக் கழிவு மலிவு. ரிப்பன், உள்துணி, வெல்வெட்டின் மயிர்ப்பரப்பு எல்லாவற்றுக்கும் அந்த நூல் ஏற்றது. பணக்காரர்களின் துணி நடுத்தரக் குடும்பங்களின் உடம்புக்கு வந்தது இதனால்தான். இதைப் பாதிப் பக்கமாவது எழுதியிருக்க வேண்டாமா? எட்டுச் சகோதரர்களில் இருவர் ஓவியர்கள் என்பதற்கு ஒரு பத்தி கிடைத்திருக்கிறதே!

அரசின் வரியைப் பற்றியும் கட்டுரை மூச்சுவிடவில்லை. உள்நாட்டுப் போர்ச் செலவுக்காக 1864இல் இறக்குமதிப் பட்டுத் துணிமேல் 60 சதவீதத் தீர்வை வந்தது. கச்சாப் பட்டுக்கு வரி இல்லை. கச்சாப் பட்டைத் தீர்வையில்லாமல் வாங்கி, நெய்த துணியைப் பிரான்ஸின் லியோன் நகரத்துப் போட்டியிலிருந்து மறைத்து விற்க முடிந்தது. அந்தச் சுவர் இல்லாமல் அமெரிக்கப் பட்டு நெசவே எழுந்திருக்காது என்பது என் கருத்து. வார்டு செனி 1872இல் அமெரிக்கப் பட்டுச் சங்கத்தின் முதல் தலைவரானதை மரியாதைப் பதவியாகக் கட்டுரையாளர் எழுதுகிறார். தொழிலுக்காக வாஷிங்டனில் குரல் கொடுக்க வேண்டிய பதவி அது. (போர்க்காலத்தில் இந்தக் குடும்பம் துப்பாக்கியிலும் கால் வைத்தது. ஆலையில் வேலை பார்த்த கிறிஸ்டோஃபர் ஸ்பென்சர் கண்டுபிடித்த, தொடர்ந்து ஏழு குண்டு சுடும் துப்பாக்கிக்கு முதல் போட்டவர்கள் செனிகள்தான். 1863 ஆகஸ்டில் லிங்கனே அதைச் சுட்டுப் பார்த்தார். கட்டுரையில் இது நன்றாகவே வந்திருக்கிறது.)

ஊரைப் பற்றி எழுதியதில் குறை சொல்ல மாட்டேன். 1869இல் ஆலைக்கென்று போட்ட இரண்டே கால் மைல் ரயில் பாதை, 1867இல் கட்டிய செனி மண்டபம், பள்ளிக்கூடம், குடிநீர், தொழிலாளர் வீடுகள் என்று குடும்பம் செய்தது நிறைய. ஆனால் அயர்லாந்து, ஸ்வீடன், ஜெர்மனி, இத்தாலி, லிதுவேனியா என்று எங்கெங்கிருந்தோ வந்து அந்த வீடுகளில் இருந்தவர்கள் யார், அவர்கள் என்ன வேலை செய்தார்கள் என்பது கட்டுரையில் இல்லை. 1923இல் ஆலையில் சுமார் 4,700 பேர். அத்தனை பேரில் ஒருவரைக்கூட நாம் சந்திக்கவில்லை.

இனி பேரன்கள். 1920களில் அவர்கள் செய்ததைக் கட்டுரையாளர் ஊதாரித்தனம் என்கிறார். நியூயார்க்கில் மேடிசன் அவென்யூவில் திறந்த காட்சிக்கூடத்துக்குப் பிரெஞ்சு இரும்புக் கலைஞர் எட்கர் பிராண்ட் வேலைப்பாடு செய்தார். 1926இல் ஜார்ஜியா ஓ'கீஃபிடம் ஓவியங்கள் வரையச் சொல்லி வாங்கினார்கள். இதைத்தான் குற்றமாகச் சொல்கிறார். துணி வாங்குகிறவள் பாரிஸைப் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. அமெரிக்கத் துணிக்கும் அழகுணர்ச்சி உண்டு என்று காட்ட வேறு என்ன செய்வது? தாத்தா செய்திருந்தால் தொலைநோக்கு என்று புகழ்ந்திருப்பார்கள்.

ஆலையைச் சாய்த்தது வேறு. பிரான்ஸில் ஷார்டோனே பிரபு செல்லுலோஸிலிருந்து செயற்கைப் பட்டு இழுத்து 1889 பாரிஸ் கண்காட்சியில் வைத்தபோதே அதன் விதை விழுந்துவிட்டது. 1904இல் இங்கிலாந்தின் கோர்ட்டால்ட் நிறுவனம் மரக்கூழிலிருந்து இழை எடுக்கும் விஸ்கோஸ் முறையின் காப்புரிமைகளை 25,000 பவுண்டுக்கு வாங்கியது. 1910இல் பென்சில்வேனியாவின் மார்கஸ் ஹுக்கில் அமெரிக்க ஆலையைத் தொடங்கியது. 1924இல் அந்த இழைக்கு ரேயான் என்று பெயர் வைத்தார்கள். மரக்கூழிலிருந்து வந்த நூல், பட்டு விலையில் சிறு பங்குக்குக் கிடைத்தது. நடுத்தர மக்களுக்குப் பட்டு கொடுத்தவர்கள் செனிகள் என்றேனே, அதே மக்கள் கைக்கு அதைவிட மலிவாக ஒரு மினுக்கம் வந்து சேர்ந்தது.

கூடவே கச்சாப் பட்டின் விலை. ஜப்பானிலிருந்து யோகோஹாமா வழியாகக் கப்பலில் வந்து, மேற்குக் கரையில் இறங்கி, பட்டுக்கென்றே தனி ரயில்கள் இரவு பகலாக ஓடிக் கிழக்கே கொண்டுபோகும். வழியில் ஒரு நாள் கூடினாலும் காப்பீட்டுச் செலவும் விலை அபாயமும் கூடும் என்பதால் அந்த அவசரம். ஆலையில் இறங்கிய பிறகோ முறுக்க, சாயம் ஏற்ற, நெய்ய மாதங்கள் ஆகும். 1929க்கும் 1934க்கும் இடையில் கச்சாப் பட்டு விலை பாதிக்கும் கீழே போனது. வாங்கும்போது இருந்த விலை துணியாகி வெளியே போகும்போது இல்லை. நல்ல துணி, நல்ல தறி, நல்ல கைகள் எல்லாம் இருந்தும் கிடங்கில் இருக்கும் சரக்கே நட்டமாக மாறிவிடும். இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். எந்தப் பேரனும் எந்தத் தாத்தாவும் இதற்கு எதிராகப் பெரிதாக ஒன்றும் செய்துவிட முடியாது. 1930களின் நடுவில் நிறுவனம் திவால் சட்டத்தின்கீழ் மறுசீரமைப்புக்குப் போனது. 1937இல் தொழிலாளர் வீடுகள் ஏலத்துக்கு வந்தன.

கட்டுரையாளர் பக்கத்திலும் ஒரு நியாயம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். கோர்ட்டால்டும் பட்டுக் குடும்பம்தான். துக்கம் காக்கிறவர்கள் உடுத்திய கருப்புக் கிரேப் துணியால் பணம் சேர்த்த குடும்பம். அந்த வழக்கம் தேய்ந்தபோது விஸ்கோஸ் பக்கம் அவர்களைத் திருப்பியவர் ஹென்றி டெட்லி என்ற, குடும்பத்துக்கு வெளியே இருந்து வந்த நிர்வாகி. பங்குகளைப் பொதுமக்களுக்கு விற்றதும் அதே 1904இல். செனிகளிடம் கடைசிவரை நிர்வாகம் குடும்பத்துக்குள்ளேயே சுற்றியது. வெளியாள் ஒருவர் இருந்திருந்தால் ரேயானை முன்னாலேயே எதிர்கொண்டிருப்பார்கள் என்று வாதாடலாம். ஆனால் அப்படி வாதாடுவதென்றால் குறை பேரன்களின் குணத்தில் இல்லை, தாத்தாக்கள் போட்டுவைத்த அமைப்பில் இருக்கிறது என்று ஒப்புக்கொள்ள வேண்டும்.

இரண்டாம் உலகப் போர் வந்து ஆலைக்குக் கொஞ்சம் உயிர் கொடுத்தது. 1941இல் ஜப்பானியச் சரக்கு நின்று, இருந்த பட்டையும் அரசு எடுத்துக்கொண்டது. செனியின் துணை நிறுவனமான பயனீர் பாராசூட், நைலானில் பாராசூட் செய்தது. 1942 ஜூன் 6 அன்று ஹார்ட்ஃபோர்டில் அதை அணிந்து விமானத்திலிருந்து குதித்துக் காட்டியவர் அட்லின் கிரே என்ற இளம்பெண். பட்டில்லாமலும் வேலை நடக்கும் என்று பட்டுக் குடும்பத்தின் நிறுவனமே நிரூபிக்க வேண்டியதாயிற்று. அதைச் செய்தவர்களும் கட்டுரையாளர் சோம்பேறிகள் என்று சொல்லும் அதே தலைமுறையினர்தான். 1955இல் ஆலை ஜே.பி. ஸ்டீவன்ஸ் என்ற ஜவுளி நிறுவனத்தின் கைக்குப் போனது. வெல்வெட் தறிகள் மட்டும் 1984வரை ஓடின. அந்தக் கட்டடங்கள் பலவற்றில் இப்போது குடியிருப்புகள்.

ஆசிரியர் அவர்களே, இந்த வரிசையில் இன்னும் சில குடும்ப நிறுவனங்களின் வரலாறு வரப்போவதாக அறிவித்திருக்கிறீர்கள். என் வேண்டுகோள் இதுதான். அடுத்த கட்டுரைகளில் நிறுவனரின் படமும் மாளிகையின் படமும் இருக்கட்டும். கூடவே மூலப்பொருள் எங்கிருந்து என்ன விலைக்கு வந்தது, தீர்வை என்ன, எந்த இயந்திரத்தில் யார் நின்றார்கள் என்பதையும் எழுதச் சொல்லுங்கள். செனி நிறுவனத்தின் பதிவேடுகள் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் பத்திரமாக இருப்பதால் அவர்கள் கதையை இன்றும் சரிபார்க்க முடிகிறது. எங்கள் ஆலையின் தர ஆய்வுப் பதிவேடுகள் மூடிய அன்றே எடைக்குப் போய்விட்டன. ஆனால் தனித்தனியாகப் பலர் வீட்டில் சம்பளச் சீட்டு, நூல் மாதிரி ஒட்டிய அட்டை, ஷிஃப்ட் அட்டவணை என்று ஏதாவது இருக்கும். பட்டாலைகளில் வேலை பார்த்த வாசகர்கள் அவற்றின் நகலை உங்களுக்கு அனுப்ப ஒரு சிறு அறிவிப்பு வெளியிடுவீர்களா? என்னிடம் இருக்கும் மாதிரி அட்டைகளை முதல் ஆளாக நான் அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
ஓய்வுபெற்ற நூல் தர ஆய்வாளர்